ராணுவ மரியாதையுடன் நடக்கும் இறுதிச் சடங்குக்கு முதல்முறை போகிறேன். எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

நண்பனின் அண்ணன் பணியில் இறந்துவிட்டார், ராணுவத்தோடு சம்பந்தமே இல்லாத நான் அங்கே போய் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். என் அண்ணன் ராணுவத்தில் இருந்ததால் அவரோடு இப்படிச் சில சடங்குகளுக்குப் போயிருக்கிறேன்.

பெரிதாக எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எல்லாமே கட்டளைப்படி நடக்கும். மற்றவர்கள் எழுந்தால் எழுந்திருங்கள், பெட்டி கடந்து போகும்போது பேசாதீர்கள். பகட்டில்லாத உடை போதும். உணர்ச்சிவசப்பட்டு சல்யூட் அடிக்க வேண்டாம், அது சீருடைக்காரர்களின் வழக்கம். செல்போனை அணைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். வீடியோ எடுக்க நீட்டிய கைகளுக்கு நடுவே குடும்பம் அழுவதைப் பார்த்திருக்கிறேன், சகிக்கவில்லை.

மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டியது துப்பாக்கி முழக்கத்துக்குத்தான். வெற்றுத் தோட்டாதான் என்றாலும் பக்கத்தில் கேட்டால் நெஞ்சில் இடிக்கும். அதுவும் மூன்று முறை. முதல் முழக்கத்தின்போது அசையாமல் நின்ற ஒரு அம்மா, இரண்டாவதற்குத் துப்பாக்கி உயர்ந்ததுமே காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆகவே வீட்டுப் பெரியவர்களிடமும் குழந்தைகளிடமும் யாராவது முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. அந்த வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். (இதை '21 குண்டு மரியாதை' என்று பலரும் குழப்பிக்கொள்வார்கள். அது பீரங்கியால் நாட்டுத் தலைவர்களுக்குக் கொடுப்பது. ஏழு பேர் மூன்று முறை சுட்டால் கணக்கு 21 வருவதால் வந்த குழப்பமாக இருக்கலாம்.)

அடுத்து பியூகிள், அதாவது ராணுவத்தில் ஊதும் சிறிய ஊதுகொம்பு. இந்தியா, பிரிட்டன் போன்ற நாடுகளில் 'லாஸ்ட் போஸ்ட்' வாசிப்பார்கள். முகாமில் அன்றைய நாள் முடிந்தது என்று அறிவிக்க பிரிட்டிஷ் ராணுவம் ஊதிய அழைப்பு அது. அமெரிக்காவில் 'டாப்ஸ்'. 1862இல், உள்நாட்டுப் போரின் நடுவில் உருவானது, மொத்தமே 24 ஸ்வரங்கள்தான். அதுவரை அடக்கிவைத்தவர்களும் பெரும்பாலும் இங்கேதான் உடைவார்கள். உங்களுக்கும் அழுகை வந்தால் அழுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

பெட்டியின் மேல் போர்த்திய தேசியக் கொடியைப் புதைப்பதும் இல்லை, எரிப்பதும் இல்லை. இந்தியக் கொடி விதிகளிலேயே இது இருக்கிறது, காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும் என்பது உட்பட. எடுத்து மடித்துக் குடும்பத்திடம் கொடுப்பார்கள். மடிக்கும் வீரர்களின் கைகளைக் கவனியுங்கள். ஒவ்வொரு மடிப்பையும் சுருக்கம் விழாமல் விரலால் நீவி நீவி இழுத்துப் பிடிப்பார்கள், அவசரமே இருக்காது. கொடி ஒன்றுதான் என்பதால் மனைவிக்கா, தாய்க்கா என்ற சங்கடம் சில வீடுகளில் வரும். அதில் வாய் திறக்காதீர்கள்.

நண்பனிடம் 'நாட்டுக்காக உயிரைக் கொடுத்தார், பெருமைப்படு' என்று நாமாகச் சொல்லாமல் இருப்பது நல்லது. அவனே சொன்னால் ஆமோதிக்கலாம். தோளில் கைவைத்துப் பக்கத்தில் நின்றாலே போதும்.

முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். கூடப் பணியாற்றியவர்கள் சற்று ஒதுங்கி நிற்பார்கள், போய்ப் பேசுங்கள். அவர் முகாமில் எப்படி இருந்தார், யாரைக் கிண்டலடித்தார், என்ன பாட்டு முணுமுணுப்பார் என்றெல்லாம் சொல்வார்கள். வீட்டுக்கு அந்தக் கதைகள் அதிகம் வந்திருக்காது. குறித்துவைத்துக்கொண்டு, கூட்டமெல்லாம் கலைந்த சில வாரம் கழித்து நண்பனைப் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்.