எக்ஸ்ரே எடுத்த பிறகு சிடி ஸ்கேன் எதற்கு?

"எக்ஸ்ரே எடுத்தாச்சு, அப்புறம் சிடி எதற்கு?" காரைக்குடிப் பக்கம் ஸ்கேன் சென்டர் வாசலில் அடிக்கடி காதில் விழும் கேள்வி. நியாயமானதுதான், ஏனென்றால் இரண்டிலும் அதே எக்ஸ்ரே கதிர்தான்.

வித்தியாசம் எடுக்கும் விதத்தில். எக்ஸ்ரேயில் கதிர் ஒரே திசையில் உடலைக் கடப்பதால், விலா எலும்பு, இதயம், நுரையீரல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே நிழலாக விழும்.

செட்டிநாட்டு வீட்டு முகப்பில் நின்று பாருங்கள். வளவு என்கிற நடு முற்றம், அதற்கு அடுத்த பகுதியான இரண்டாம் கட்டு தாண்டிப் பின்வாசல் வரை நேராகத் தெரியும். ஆனால் முன்னால் இருக்கும் தூண் பின்னால் இருப்பதை மறைக்கும். எது எந்தக் கட்டில் இருக்கிறதென்று சொல்வது கஷ்டம். சிடி என்பது உள்ளே போய்க் கட்டு கட்டாகப் பார்ப்பது மாதிரி. கதிர்க்குழாய் உடலைச் சுற்றிவர, பல கோண அளவுகளிலிருந்து கணினி குறுக்குவெட்டுப் படங்களைக் கணக்கிட்டுத் தரும். 1971-இல் லண்டனில் முதல் நோயாளிக்கு எடுத்தது மூளையைத்தான். சாதாரண எக்ஸ்ரேயில் மண்டையோடு மறைத்துவிடும் இடமாயிற்றே!

அதற்காக, சிடிதான் பெரிய டெஸ்ட், முதலிலேயே எடுத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்: நெஞ்சு எக்ஸ்ரேயைவிட நெஞ்சு சிடியில் கதிர்வீச்சு பல மடங்கு அதிகம், சாதாரண எலும்பு முறிவுக்குப் பெரும்பாலும் எக்ஸ்ரேயே போதும்.