யூரின் டெஸ்ட் நெகட்டிவ்... சிஸ்டாஸ்கோபி அவசியமா?

கேள்வி: என் வயது 58. முப்பது வருடமாக சிகரெட் பழக்கம் உண்டு. போன மாதம் ஒருநாள் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி இல்லை, மறுநாளே சரியாகிவிட்டது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் ஒன்றும் இல்லை. சைட்டாலஜி டெஸ்ட்டிலும் 'புற்றுநோய் செல்கள் இல்லை' என்று வந்திருக்கிறது. ஆனாலும் டாக்டர் சிஸ்டாஸ்கோபி (சிறுநீர்த் துவாரம் வழியாகக் கேமரா உள்ள குழாயை விட்டுச் சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் சோதனை) செய்யவேண்டும் என்கிறார். யூரின் டெஸ்ட்டையே இன்னொரு முறை எடுத்துப் பார்த்தால் போதாதா?

பதில்: போதாது. உங்கள் டாக்டர் சொல்வதுதான் சரி, தள்ளிப்போடாதீர்கள்.

கல், தொற்று, புராஸ்டேட் வீக்கம் எனச் சிறுநீரில் ரத்தம் வரப் பல காரணங்கள் உண்டு. இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஆனால் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி, பெரும்பாலும் வலியில்லாமல் வரும் ரத்தம்தான். கட்டியிலிருந்து ரத்தம் விட்டு விட்டுக் கசியும். ஒருநாள் வந்து நின்றுபோனதை 'சரியாகிவிட்டது' என்று எடுத்துக்கொள்ள முடியாது. போதாக்குறைக்கு, இந்த நோய்க்கு முதல் காரணமே புகைதான். சிகரெட்டின் நச்சுப்பொருட்கள் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வழியாக வடிந்து, மணிக்கணக்கில் சிறுநீர்ப்பையில் தங்குகின்றன.

சரி, சைட்டாலஜி ஏன் போதாது? சிறுநீர்ப்பையின் உட்சுவரிலிருந்து உதிர்ந்து வரும் செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் அந்த டெஸ்ட். வீரியம் மிகுந்த புற்றுநோயின் செல்கள் எளிதில் உதிரும், பார்த்த உடனே விகாரமாகத் தெரியும். வீரியம் குறைந்த கட்டியின் செல்களோ அதிகம் உதிராது. உதிர்ந்தாலும் சாதாரண செல்லைப் போலவே இருக்கும். இவ்வகைக் கட்டிகளில் பாதிக்கு மேல் இந்த டெஸ்ட்டில் தப்பிவிடும். எனவே 'பாசிட்டிவ்' என்று வந்தால் பெரும்பாலும் நம்பலாம், 'நெகட்டிவ்' என்று வந்தால் நிம்மதியாக இருக்க முடியாது. ஸ்கேனும் அப்படித்தான், சின்னக் கட்டிகளை விட்டுவிடும். சுவரோடு சுவராகத் தட்டையாகப் பரவும் ஒருவகைப் புற்றுநோய், ஸ்கேனில் தெரியவே தெரியாது. அதைப் பிடிப்பதில் சைட்டாலஜி கெட்டி.

சைட்டாலஜிக்குக் காலையில் போகும் முதல் சிறுநீரைக் கொடுக்கக் கூடாது. இரவு முழுக்க ஊறி செல்கள் சிதைந்திருக்கும், அடுத்த முறை போவதைத்தான் கொடுக்கவேண்டும். வழக்கமான யூரின் டெஸ்ட்டுக்கு முதல் சிறுநீரைக் கேட்பதால், பலர் இதற்கும் அதையே பிடித்துக் கொண்டுபோய்விடுகிறார்கள்.

என்.எம்.பி.22 என்ற புரதத்தைப் பார்ப்பது, 'ஃபிஷ்' முறையில் குரோமோசோம் மாற்றங்களைப் பார்ப்பது எனப் புதிய டெஸ்ட்டுகளும் உண்டு. ஆனால் கல், தொற்று இருந்தாலே என்.எம்.பி.22 பாசிட்டிவ் ஆகிவிடலாம். ஏற்கெனவே இந்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களைக் கண்காணிக்கும்போது, சிஸ்டாஸ்கோபிக்குத் துணையாக இவை உதவும். ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் மாஸ்டர் செக்கப் பேக்கேஜில் சேர்த்துச் செய்துகொள்வது, என்னைக் கேட்டால், வீண் செலவு, வீண் பயம்.

சிஸ்டாஸ்கோபிக்குப் பயப்படவேண்டாம். வளையும் தன்மையுள்ள மெல்லிய குழாய் என்றால், மரத்துப்போகச் செய்யும் ஜெல் தடவிச் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள். ஓரிரு நாள் எரிச்சல் இருக்கும். ஆஸ்பிரின் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள் சாப்பிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள். அதனால்தான் ரத்தம் வந்தது என்று நீங்களே முடிவு கட்டவேண்டாம். சிறுநீரகத்தையும் அதிலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர்க்குழாயையும் பார்க்க சி.டி. எடுக்கச் சொன்னால் அதையும் எடுங்கள், சிஸ்டாஸ்கோப் அதுவரை எட்டாது. எல்லாம் நார்மல் என்று வந்த பிறகும் மறுபடி ரத்தம் தெரிந்தால், பழைய ரிப்போர்ட்டை நம்பி வீட்டில் இருக்காமல் திரும்பவும் டாக்டரிடம் போங்கள்.