பிரேக் பெடலை வளைக்கலாமா?

கேள்வி: அண்ணே, அப்பா விட்டுப்போன 1958 மோரிஸ் மைனர் 1000 காரைப் புதுப்பித்து வருகிறேன். துருப்பிடித்த தரைத்தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு பற்றவைத்தாயிற்று. இப்போது பிரேக் பெடலின் தண்டு தரையில் உள்ள ஓட்டையின் விளிம்பில் உரசுகிறது. என் காலணியும் அகலம். பிரேக்கை மிதித்தால் கிளட்ச்சும் கூடவே இறங்குகிறது. இரும்புக் குழாயை மாட்டி, கழற்றாமலே வளைத்துவிடலாம் என்கிறார் பட்டறைக்காரர். சரியா?
- வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: வேண்டாம் தம்பி. குழாயை மாட்டி நெம்பினால் அந்த விசை முழுவதும் பெடல் ஆடும் ஷாஃப்ட்டிலும், அதைச் சுற்றியுள்ள உலோக வளையமான புஷ்ஷிலும்தான் போய் விழும். தண்டு வளைகிறதோ இல்லையோ, புஷ் வாய் பிளந்துவிடும்.

முதலில் பெடல் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். புஷ்ஷில் அரை மில்லிமீட்டர் தேய்ந்திருந்தாலே நுனியில் பல மில்லிமீட்டர் ஆட்டம் தெரியும். உரசலுக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) புது புஷ் கடைந்து போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அடுத்தது அந்த ஓட்டை. தகடு புதிது என்கிறீர்கள், ஓட்டை கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கலாம். அப்படியானால் தகட்டை அரத்தால் ராவுங்கள், பெடலைத் தொடாதீர்கள். கால் இடிப்பதற்குக் கிளட்ச் பெடலை இடப்பக்கம் வளைத்து ஒதுக்கினால் போதும். மைனரின் பிரேக் ஒற்றைச் சுற்று, அதாவது நான்கு சக்கரத்துக்கும் ஒரே திரவ வழி. பிரேக் தண்டு முறிந்தால் கைபிரேக்கைத் தவிர வேறு துணை கிடையாது. அதனால்தான் பிரேக் தண்டில் கை வைக்க எனக்கு மனசே வராது.

கிளட்ச் பெடலைக் கழற்றி, வளைக்கும் முன் ஒரு மூலையில் கிரைண்டரை லேசாக வைத்துப் பொறியைப் பாருங்கள். நீளமான வெளிர் மஞ்சள் பொறி வந்தால் மெல்லெஃகு, வளையும். குட்டையாக, மங்கிய சிவப்பில் வந்தால் வார்ப்பிரும்பு. அது வளையாது, உடையும்.

சூடேற்றும்போது நிறம்தான் கணக்கு. செர்ரிப் பழச் சிவப்பு வரும்வரை காத்திருந்து, வைஸில் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக வளைக்க வேண்டும். சிவப்பு மங்கினால் நிறுத்தி மறுபடி சூடேற்றுங்கள். நீல நிறம் ஓடும் சூட்டில் எஃகு நொறுங்கும் குணத்தில் இருக்கும். பேருந்துப் பணிமனையில் நான் பழகுநராக இருந்தபோது, அவசரத்தில் நீலச் சூட்டிலேயே ஒரு பெடலை வளைத்தோம். இரண்டாம் வாரம் வளைவின் உட்பக்கத்தில் தலைமுடி போல ஒரு கீறல். வண்டி சாலைக்குப் போகும் முன் என் மேஸ்திரி அதைக் கண்டுபிடித்தார். வளைத்ததைத் தண்ணீரில் போடாமல் காற்றில் ஆறவிடுங்கள். ஆறியதும் மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, மேலே சாக்குக்கட்டியைத் தேயுங்கள். கீறல் இருந்தால் எண்ணெய் கசிந்து கோடு போல நனையும்.

ஆடும் மையத்திலிருந்து மிதிபலகை வரை உள்ள நேர்தூரத்தை வளைக்கும் முன்பே கம்பியில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஆங்கில எஸ் எழுத்தைப் போல இரண்டு வளைவு கொடுத்தால் தூரம் தானாகக் குறையும், மிதிக்கக் கனக்கும். தூரம் கூடினாலோ மிதி லேசாகும். ஆனால் கிளட்ச் முழுதாக விடுபடும் முன்பே பெடல் தரையைத் தொட்டுவிடும்.

கேஸ் டார்ச்சால் சூடேற்றும் வேலையைக் காருக்குள்ளோ வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்திலோ செய்யவே கூடாது. மைனரில் பிரேக் திரவத்தை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், காரின் அடிச்சட்டத்துக்குள் இருக்கிறது. பிரேக் திரவம் தீப்பிடிக்கும், ரப்பர் சீல்களும் கருகும். சின் மிங்கிலோ சுங்கை காடுட்டிலோ கேஸ் வெல்டிங் செய்யும் பட்டறையில் கொடுங்கள், ஆனால் கூடவே நில்லுங்கள்.

திரும்பப் பூட்டியபின் பிரேக் பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் அசையத் தொடங்கும் முன் நுனியில் சிறிதளவு வெற்றசைவு இருக்க வேண்டும். அது இல்லையென்றால் திரவம் திரும்பிப் போக வழி இல்லாமல் பிரேக் பிடித்தபடியே ஓடும்.

கம்பளம், ரப்பர் பாய் எல்லாம் விரித்து, நீங்கள் ஓட்டும் காலணியையே போட்டுக்கொண்டு இரண்டு பெடலையும் கடைசிவரை மிதித்துப் பாருங்கள். இன்னும் உரசினால் எந்த இடம் என்று ஒரு படம் வரைந்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.