12 வருஷ அனுபவம் இருக்கு, இனிமே எம்பிஏ எதுக்கு?

தம்பி, உங்க மெயில ரெண்டு தடவ படிச்சேன். 12 வருஷமா டெக்னிக்கல் வேலை, இப்ப சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட், வயசு 35, உங்க கிட்ட வேலை கத்துக்கிட்ட ஒருத்தர் நடுவுல போய் எம்பிஏ முடிச்சுட்டு வந்து இப்ப உங்களுக்கே மேனேஜரா உக்காந்துட்டார், அதனால நானும் படிக்கலாமான்னு கேக்குறீங்க. கேள்வி நியாயமானதுதான், அந்த "அதனால" மட்டும்தான் எனக்கு இடிக்குது. கடுப்புல போட்ட அப்ளிகேஷன்ல "ஏன் எம்பிஏ"ங்கற கட்டுரை எழுத உக்காரும்போது பாதி பேருக்கு கை ஓடாது, அத நான் நெறைய பாத்திருக்கேன்.

அதனால மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. படிப்பு முடிஞ்ச மறுநாள் எந்த சீட்ல உக்காரணும்? "மேனேஜ்மெண்ட் சைடு போகணும்"னு சொன்னா அது பதில் இல்ல. கன்சல்டிங் போகணும், இன்வெஸ்ட்மெண்ட் பேங்கிங் போகணும், வேற நாட்டுக்கு போகணும், இல்ல இருக்கற கம்பெனிலயே ஒரு பிசினஸ் யூனிட்ட நடத்தணும், இப்படி குறிப்பா சொல்லணும், ஏன்னா ஒவ்வொண்ணுக்கும் வழி வேற வேற.

துறையே மாறணும்னா ரெண்டு வருஷ ஃபுல் டைம் எம்பிஏக்கு அர்த்தம் இருக்கு. அதுல முக்கியமானது பாடம்கூட இல்ல, மொத வருஷத்துக்கும் ரெண்டாவது வருஷத்துக்கும் நடுவுல வர்ற சம்மர் இன்டர்ன்ஷிப்தான். உங்கள மாதிரி எஞ்சினியர ஒரு பேங்க்ல சில வாரம் வேலை செய்ய விட்டு பாத்து எடுத்துக்கறதுக்கு அது ஒண்ணுதான் நல்ல கதவு. 10 மாசம், 12 மாசத்துல முடியுற ப்ரோக்ராம்ல (இன்சியாட்ங்கற பிசினஸ் ஸ்கூல்ல 10 மாசம்தான்) காலம் மிச்சம், ஆனா இந்த இன்டர்ன்ஷிப்புக்கு இடம் ரொம்ப கம்மி, அத பாக்காம "ஒரு வருஷம்தானே"ன்னு சேந்துட்டு அப்பறம் தவிக்கறவங்க உண்டு.

இருக்கற கம்பெனிலயே மேல போகணும்னா வேலைய விடவே கூடாதுங்கறது என் கருத்து. பின்னாடி மைக்ரோசாஃப்ட் சிஇஓ ஆன சத்யா நாதெல்லா அங்க எஞ்சினியரா இருந்துக்கிட்டே வீக்கெண்ட்ல சிகாகோ போய் படிச்சு 1997ல எம்பிஏ வாங்கினார். பின்னாடி ஆப்பிள் சிஇஓ ஆன டிம் குக் ஐபிஎம்ல வேலை பாத்துக்கிட்டே டியூக் யுனிவர்சிட்டில ஈவினிங் க்ளாஸ்ல படிச்சு 1988ல முடிச்சார். இத சொன்ன உடனே "பாத்தீங்களா, எம்பிஏ பண்ணாதான் சிஇஓ ஆகலாம்"னு ஆரம்பிச்சுடாதீங்க. ஏஎம்டிங்கற சிப் கம்பெனிய நடத்தற லிசா சு எம்ஐடில எலக்ட்ரிகல் எஞ்சினியரிங்ல பிஎச்டி, என்விடியாவோட ஜென்சன் ஹுவாங் ஸ்டான்ஃபோர்டுல எலக்ட்ரிகல்ல மாஸ்டர்ஸ், ரெண்டு பேரும் எம்பிஏ பக்கமே போகல. ரெண்டு பக்கமும் ஆள் இருக்காங்க, அதனால பெரிய ஆளுங்கள காட்டி முடிவெடுக்கறது வேண்டாம்.

என்கிட்ட முன்ன ஒருத்தர் வந்தார், கிட்டத்தட்ட உங்க அனுபவம்தான், கையில 9 பக்க ப்ரொபோசல். பழைய டேட்டாபேஸ மாத்தணும்னு கேட்டு எழுதினது, மேலிடம் திருப்பி அனுப்பிடுச்சு, "எனக்கு பிசினஸ் தெரியலன்னு ஒதுக்கறாங்க, எம்பிஏ பண்ணிடறேன்"னு ஒரே புலம்பல். வாங்கி படிச்சா 8 பக்கத்துக்கு ரெப்ளிகேஷன் எப்படி லேட் ஆகுது, எந்த சர்வர்ல லோடு எவ்வளவு, டயக்ராம் வேற. செலவு எவ்வளவுங்கறது கடைசி பக்கத்துல கீழ ஒரே வரி. அவர் பாஸ் அந்த வரிக்கு பக்கத்துல பேனாவால ஒண்ணே ஒண்ணு எழுதியிருந்தார்: "இத பண்ணலேன்னா நமக்கு என்ன நஷ்டம்?" அதுக்கு இவர்கிட்ட பதில் இல்ல. பதிலுக்கு எம்பிஏ வேண்டாம், ஃபைனான்ஸ்ல இருக்கறவரோட உக்காந்து கேபெக்ஸ் (பொருள் வாங்க போடற மொதலீடு), ஓபெக்ஸ் (அன்றாடம் நடத்தற செலவு), டெப்ரிசியேஷன் (வாங்கின பொருளோட மதிப்பு வருஷா வருஷம் கொறயறது) இதெல்லாம்னா என்ன, சிஸ்டம் ஒரு மணி நேரம் நின்னா எத்தன ஆர்டர் போகுதுன்னு கேட்டு எழுதிட்டு வாங்கன்னு அனுப்பினேன். மூணு வாரம் கழிச்சு அதையே ஒரு பக்கமா எழுதினார், மொத வரிலயே நஷ்டக் கணக்கு. பட்ஜெட் கெடச்சுது. அவர் இன்னிக்கு வரைக்கும் எம்பிஏ பண்ணல. உங்களுக்கு இருக்கறது அவரோட பிரச்சினையான்னு யோசிங்க, ஏன்னா அதுக்கு வைத்தியம் ரொம்ப மலிவு.

இப்ப பணத்துக்கு வருவோம், இதுலதான் நல்ல எஞ்சினியருங்ககூட கோட்டை விடறாங்க. ஃபீஸ் மட்டும் செலவு இல்ல, ரெண்டு வருஷம் வராத சம்பளமும் செலவுதான். உங்க மாச சம்பளத்த ஒரு யூனிட்டா வச்சுக்கோங்க. 24 மாச சம்பளம் போச்சு, ஃபீஸ் ஒரு 20 மாச சம்பளம்னு வைங்க, மொத்தம் 44. முடிச்சு வந்ததும் சம்பளம் 30 சதவீதம் ஏறினா மாசத்துக்கு 0.3 திரும்ப வருது, 44ஐ 0.3ஆல வகுத்தா 147 மாசம், 12 வருஷத்துக்கு மேல! 37 வயசுல முடிச்சா போட்டத எடுக்கறதுக்கே 49 ஆயிடும், லோனுக்கு வட்டி தனி. அதே சம்பளம் 60 சதவீதம் ஏறினா 6 வருஷம்தான். வேலைய விடாம படிச்சா செலவு 20 மட்டும், 30 சதவீத ஏத்தத்துலயே அஞ்சரை வருஷத்துல முடிஞ்சுடும். இதுல இன்னொரு சூட்சுமம் இருக்கு, நீங்க படிக்காமலே இருந்தாலும் அந்த ரெண்டு வருஷத்துல இன்க்ரிமெண்ட், வேலை மாத்தறதுன்னு ஒரு 15 சதவீதம் ஏறியிருக்கும், அப்ப 30ல எம்பிஏ குடுத்தது பாதிதான், அத வச்சு ஃபுல் டைம் கணக்க திரும்ப போட்டா 24 வருஷம் வரும். உங்க நிஜ நம்பர போட்டு பாருங்க, பயமுறுத்தறதுக்கு சொல்லல.

பரீட்சை பத்தி கேட்டிருந்தீங்க. எம்பிஏல சேர எழுதற ஜிமேட் இப்ப 2 மணி 15 நிமிஷம், மூணு செக்‌ஷன், ஸ்கோர் 5 வருஷம் செல்லும். அனுபவஸ்தங்களுக்குன்னே எக்சிக்யூட்டிவ் அசெஸ்மெண்ட்னு ஒண்ணு இருக்கு, 90 நிமிஷம், 40 கேள்வி, வேலைய விடாம படிக்கற எக்சிக்யூட்டிவ் எம்பிஏக்கு நெறைய இடத்துல அத ஏத்துக்கறாங்க. கணக்குல நீங்க தப்பிச்சுடுவீங்க, எஞ்சினியருங்க மாட்டறது டேட்டா சஃபிஷியன்சில. அதுல விடை கேக்க மாட்டான், விடை கண்டுபிடிக்க குடுத்த தகவல் போதுமான்னுதான் கேப்பான், நம்மாளு உக்காந்து விடைய போட்டுட்டுதான் அடுத்ததுக்கு போவார், நேரம் போயிடும். க்ளாஸ்லயும் இதே கதைதான், கேஸ் ஸ்டடின்னு ஒரு கம்பெனியோட சிக்கல 10, 15 பக்கத்துக்கு குடுத்து நீ என்ன பண்ணுவேன்னு எழுப்பி விட்டுடுவாங்க, பின்னாடி ஆன்ஸர் கீ கெடையாது, பாதி தகவல வச்சு ஒரு முடிவ சொல்லி அத 60 பேர் முன்னாடி நின்னு காப்பாத்தணும். உண்மைய சொன்னா எம்பிஏல டெக்னிக்கல் ஆளுக்கு கெடைக்கற பெரிய லாபம் இந்த பழக்கம்தான்னு எனக்கு தோணுது, அக்கவுண்டிங் எல்லாம் புக்க வச்சே கத்துக்கலாம்.

காலேஜ் தேடும்போது பிசினஸ் ஸ்கூலுங்களுக்கு உலக அளவுல குடுக்கற ஏஏசிஎஸ்பி, ஈக்விஸ், ஆம்பா இந்த அங்கீகாரங்கள்ல ஒண்ணாவது இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா ரெண்டு தடவ யோசிங்க. ப்ரோஷர்ல போட்டிருக்கற ஆவரேஜ் சம்பளத்த அப்படியே நம்பாதீங்க. க்ளாஸ்ல முக்கால்வாசி பேர் 28, 29 வயசா இருந்தா அந்த நம்பர் அவங்களோடது, கம்பெனிங்களும் கேம்பஸுக்கு அந்த வயசு ஆள தேடித்தான் வருது. 35க்கு மேல சேந்து முடிச்ச ரெண்டு பேர் நம்பர கேளுங்க, குடுக்க தயங்கற காலேஜா இருந்தா அதுவே ஒரு தகவல்.

நீங்க சொன்னதுலயே ஒரு வரிய நான் மறக்கல. "கோடு எழுதற நாள்ல வீட்டுக்கு சந்தோஷமா போவேன், மீட்டிங் நாள்ல தலைவலியோட போவேன்"னு எழுதியிருக்கீங்க. எம்பிஏ படிச்சா வாழ்க்க பூரா மீட்டிங் நாள்தான் தம்பி. மேனேஜர் ஆகாமலே மேல போறதுக்கு ஸ்டாஃப் எஞ்சினியர், பிரின்சிபல் எஞ்சினியர்னு தனி ஏணி நெறைய கம்பெனில இருக்கு, ஐபிஎம்ல டெக்னிக்கல் ஆளுங்களுக்குன்னே ஃபெல்லோங்கற பதவிய 1960கள்லயே கொண்டு வந்துட்டாங்க. உங்க கம்பெனில அந்த ஏணி எதுவரைக்கும் போகுதுன்னு எச்ஆர்கிட்ட கேட்டீங்களா? மெயில்ல அத பத்தி ஒரு வார்த்தை இல்ல.

இந்த மாசம் ரெண்டு வேலை பண்ணுங்க. உங்க ப்ராஜெக்டோட போன வருஷ பட்ஜெட்ட ஃபைனான்ஸ்ல கேட்டு வாங்கி வரி வரியா படிங்க, எதுக்கு எவ்வளவு போச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு ஆர்வமா இருந்துச்சா கொட்டாவி வந்துச்சான்னு எனக்கு எழுதுங்க. அப்பறம் அந்த மேனேஜரா வந்தாரே, அவரையே ஒரு நாள் கூட்டிட்டு போய் எம்பிஏல என்ன உபயோகமா இருந்துச்சுன்னு நேரா கேளுங்க. கொஞ்சம் கஷ்டமா இருக்கும்தான், பரவால்ல, கேளுங்க. அவர் சொன்னத எழுதி அனுப்புங்க, அப்பறம் எந்த காலேஜ்னு பேசுவோம்.