புண்ணே இல்லை, ஹெர்பிஸ் ஐஜிஎம் மட்டும் பாசிட்டிவ்: பதில்

கொப்புளமோ புண்ணோ ஒருபோதும் வராத நிலையில், முழு உடல் பரிசோதனையில் தற்செயலாக வந்த ஐஜிஎம் (தொற்றின்போது உடல் பொதுவாக முதலில் உண்டாக்கும் எதிர்ப்பொருள்) பாசிட்டிவ் முடிவை மட்டும் கொண்டு உங்களுக்கு ஹெர்பிஸ் (வாயிலோ பிறப்புறுப்பிலோ கொப்புளம் உண்டாக்கும் வைரஸ்) தொற்று உள்ளது என்று கூற இயலாது.

ஐஜிஎம் சோதனை ஹெர்பிஸின் இரு வகைகளையும் (பெரும்பாலும் வாயில் வரும் முதல் வகை, பிறப்புறுப்பில் வரும் இரண்டாம் வகை) நம்பகமாகப் பிரித்துக் காட்டாது என்பதுடன், சின்னம்மை வைரஸ் போன்ற அதே குடும்பத்து வைரஸ்களுக்கு உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளாலும் பொய்யாகப் பாசிட்டிவ் ஆகக்கூடும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் இந்தச் சோதனையைப் பரிந்துரைப்பதில்லை; ஆயினும் ஆய்வகங்கள் பரிசோதனைத் தொகுப்போடு சேர்த்துச் செய்துவிடுகின்றன.

சந்தேகத்திற்குரிய தொடர்பு நிகழ்ந்து 12 வாரங்கள் கடந்தபின், கிளைகோபுரதம் ஜி (இரு வகை வைரஸிலும் வேறுபடும் புரதம்) அடிப்படையிலான, வகை பிரித்துக் காட்டும் ஐஜிஜி (தொற்றுக்குப் பின் நீண்டகாலம் நிலைக்கும் எதிர்ப்பொருள்) சோதனையைச் செய்துகொள்ளுங்கள். அந்த அறிக்கையில் இரண்டாம் வகைக்கான குறியீட்டெண் (இண்டெக்ஸ்) 3-க்குக் குறைவான பாசிட்டிவாக இருந்தால், வேறொரு முறையில் உறுதிசெய்யாமல் அதை நம்ப வேண்டாம்.

பின்னர் எப்போதாவது கொப்புளம் தோன்றினால், இரத்தப் பரிசோதனையைவிட அதுவே முக்கியம்: பொருக்குத் தட்டுவதற்குள் மருத்துவரிடம் சென்று, புண்ணின் அடிப்பகுதியிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துப் பிசிஆர் (வைரஸின் மரபணுவைக் கண்டறியும் சோதனை) செய்யச் சொல்லுங்கள். ஆறிவரும் புண்ணில் நெகட்டிவ் வந்தால் தொற்றே இல்லை என்று பொருளாகாது. கர்ப்பமாக இருந்தால், இந்த அறிக்கையை மகப்பேறு மருத்துவரிடம் இப்போதே காட்டிவிடுங்கள்.