பெகி கார்ட்டர் பாணியில் அன்றாட உடை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

‘ஏஜென்ட் கார்ட்டர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் நாயகி பெகி, 1946ஆம் ஆண்டு நியூயார்க்கில் உளவு வேலைக்குப் போகும் ஆங்கிலேயப் பெண். நீலக் கோட்டும் ஸ்கர்ட்டும், வெள்ளைச் சட்டை, சிவப்புத் தொப்பி என்று அவர் நடந்து வருவதைப் பார்த்துவிட்டு, அதுபோல அலுவலகத்துக்கு உடுத்த முடியுமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். தையல் தெரிந்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கோவை: அக்கா, எதிலிருந்து தொடங்குவது? சிவப்புத் தொப்பி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

தொப்பியைக் கடைசியில் வாங்குங்கள். தோளும் இடுப்பும் சரியாக அமையாவிட்டால் எந்தத் தொப்பியாலும் அந்தத் தோற்றம் வராது.

அந்த வெட்டுக்குக் காரணம் இரண்டாம் உலகப் போர். பிரிட்டனில் 1941 ஜூனில் துணிக்கு ரேஷன் வந்தது. முதல் ஆண்டில் ஒருவருக்கு 66 கூப்பன். கம்பளி கவுன் ஒன்றுக்கே 11 போய்விடும். அமெரிக்காவில் 1942இல் வந்த எல்-85 என்ற ஆணை, ஸ்கர்ட்டின் சுற்றளவு முதல் ஓர மடிப்பு வரை வரம்பு கட்டியது. கைவசம் துணி குறைந்ததும் வெட்டு கச்சிதமானது: நிமிர்ந்த தோள், ஒட்டிய இடுப்பு, முழங்காலை மூடி நேராக இறங்கும் ஸ்கர்ட். இருக்கும் சில உடைகளை மாற்றி மாற்றிச் சேர்த்து அணிந்தார்கள். நீங்களும் கருநீல ஸ்கர்ட் ஒன்று, அதே துணியில் கோட் ஒன்று, சட்டை இரண்டு என்று தொடங்குங்கள். அவை பழகும்வரை வேறு எதுவும் வாங்க வேண்டாம்.

ஸ்கர்ட்டுக்குப் பயப்படத் தேவையில்லை. ஆறு பீஸ் உள்பாவாடை வெட்டத் தெரிந்த தையல்காரருக்கு இதுவும் வரும். அதே ஆறு துண்டு. நாடாவுக்குப் பதில் ஒரு அங்குலப் பட்டி. இடுப்பெலும்பு வரை உடம்போடு ஒட்டி, அதன் கீழே இலேசாக விரிய வேண்டும். ஜிப்பை இடப்பக்கம் வைக்கச் சொல்லுங்கள். அக்காலத்தில் அதுதான் வழக்கம், பின்புறமும் சுருக்கமில்லாமல் விழும். வெட்டுவதற்கு முன் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் காயவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுங்கள். இதை மட்டும் மறக்கக் கூடாது.

சென்னை: இந்த வெயிலில் கோட்டா?

லினன் அல்லது சற்றுக் கனமான காட்டன் எடுங்கள். முழு லைனிங் வேண்டாம்; தோளுக்கும் கைக்கும் போதும். பாலியஸ்டர் கலந்த துணி வேண்டவே வேண்டாம், வியர்வை உள்ளேயே தங்கும். சட்டைக்கு மேட்சிங் கடையின் டூ பை டூ ரவிக்கைத் துணி நல்ல தேர்வு. கலப்பில்லாத காட்டன்தானா என்று கேட்டு வாங்குங்கள். அங்கே சிவப்பிலேயே ஓர் அடுக்கு இருக்கும். கடை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்து வந்து, கருநீலத் துண்டின்மேல் வைத்துப் பாருங்கள். ஆரஞ்சு சாயல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீலம் தூக்கலாகத் தெரியும் சிவப்புதான் ஒத்துப்போகும். ஊறவைக்க மறக்காதீர்கள்.

டொராண்டோ: 1940களின் அசல் ரேயான் கிரேப் கவுன் ஒன்று வாங்கினேன். தினமும் அணியலாமா?

கூடாது. ரேயான் நனைந்தால் பலம் இழக்கும். கிரேப் என்பது முறுக்கேறிய நூலில் நெய்த துணி, தண்ணீர் பட்டால் சுருங்கிவிடும். எண்பது ஆண்டுப் பழைய துணியின் அக்குள் தையல் ஒரு கோடை வியர்வைக்கே விட்டுவிடும். தண்ணீரில் துவைக்காதீர்கள், ஹேங்கரில் தொங்கவிடாதீர்கள், மடித்து வையுங்கள். அதை அளந்து, புதுத் துணியில் ஒரு நகல் தைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சிசி41 என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பிரிட்டனின் போர்க்கால யுடிலிட்டி உடை, அதாவது அரசு வகுத்த சிக்கன விதிப்படி தைத்தது. அந்த லேபிளை ஒருபோதும் வெட்டி எடுக்காதீர்கள்.

திருச்சி: அவர் போடும் லிப்ஸ்டிக் நிறம் எது?

ஒப்பனை என் துறை அன்று.

பெங்களூரு: குடைபோல விரியும் ஸ்கர்ட்டை ‘பெகி ஸ்டைல்’ என்று விற்கிறார்கள். வாங்கலாமா?

அது பெகியின் காலத்து உடையே இல்லை. அந்த விரிவு, 1947 பிப்ரவரி 12 அன்று பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் காட்டிய தொகுப்போடு உலகப் புகழ் பெற்றது.

மீண்டும் பெங்களூரு: இரண்டாம் சீசன் 1947இல் லாஸ் ஏஞ்சலிஸில்தானே நடக்கிறது? அப்படியென்றால் அணிந்திருக்கலாமே!

நல்ல கேள்வி. ஆனால் பாரிஸ் மேடையில் ஓர் உடை தோன்றிய அன்றே சம்பளத்தில் வாழும் பெண்ணின் அலமாரிக்கு வந்துவிடுமா? வேலைக்குப் போகும் பெண் போன வருடத்து ஸ்கர்ட்டைத்தான் இந்த வருடமும் உடுத்துவாள்.

கொழும்பு: பெங்களூருக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெண்கள் அந்த விரிவுக்கு ஏங்கித்தானே இருந்தார்கள்?

ஏங்கினார்கள், மறுக்கவில்லை. அதே வேளையில், இவ்வளவு துணியா என்று எதிர்ப்பும் எழுந்தது. பிரிட்டன் வர்த்தக வாரியத் தலைவராக இருந்த ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸே அதை எதிர்த்தார். அங்கே துணி ரேஷன் 1949 மார்ச்சில்தான் முடிந்தது. பெகி ஓட வேண்டும், சண்டை போட வேண்டும். நீங்கள் பஸ் ஏற வேண்டும். விரிந்த ஸ்கர்ட் அழகுதான், விருந்துக்கு உடுத்துங்கள். அதற்குப் பெகியின் பெயரை வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சேலம்: எதிலிருந்து தொடங்கலாம்?

முதல் பதிலைப் படியுங்கள்.

நாகர்கோவில்: எனக்குத் தோள் அகலம். ஷோல்டர் பேட் வைத்தால் இன்னும் அகலமாகத் தெரியாதா?

கடையில் விற்கும் பஞ்சுப் பொதி வைத்தால் தெரியும். நீங்களே செய்யுங்கள். மிஞ்சிய துணியில் பிறை வடிவம் வெட்டி, உள்ளே மெல்லிய பஞ்சு விரிப்பை மூன்று அடுக்காக, ஒவ்வொன்றும் மேலே உள்ளதைவிடச் சிறியதாக வையுங்கள். ஓரம் மெலிந்து போவதால் சட்டைக்கு மேலே வரம்பு தெரியாது. தோள் எலும்பின் விளிம்போடு நிறுத்துங்கள். பிரஸ் பட்டன் வைத்தால் துவைக்கும்போது கழற்றிவிடலாம்.

மதுரை: தைத்த சட்டை முதல் துவைப்பிலேயே இறுகிவிட்டது.

ஊறவைத்தீர்களா? மேலே இரண்டு முறை எழுதியிருக்கிறேன். பக்கத் தையலில் உள்ளே துணி விட்டிருந்தால் பிரித்து விடலாம். அடுத்த முறை இருபுறமும் ஒரு அங்குலம் விடச் சொல்லுங்கள்.

ஈரோடு: தையல்காரரிடம் தொடரின் படத்தைக் காட்டினால் போதுமா?

போதாது. படத்தோடு, உங்களுக்குப் பொருந்தும் பழைய ரவிக்கை ஒன்றையும் கொண்டுபோங்கள். தோள் அளவை அதிலிருந்து எடுக்கட்டும். கோட்டுக்கு, நூல் ஓட்டிய நிலையில் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள்.