முதல் பிழையிலிருந்து தொடங்குங்கள்

வணக்கம். சி++ மொழியில் நிரல் எழுதுகிறேன், எடிட்டர் விஎஸ் கோட். டெர்மினலில் கம்பைல் செய்தால் (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றினால்) சில நேரம் ஐம்பது பிழைகள்கூட வருகின்றன. வரி எண்ணைப் பார்த்து, கோப்பைத் திறந்து, அந்த வரியைத் தேடிப் போவதற்குள் பிழைச் செய்தியே மறந்துவிடுகிறது. பிழைகளுக்கிடையே விரைவாகச் செல்ல வழி உண்டா?
— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உண்டு. எஃப்8 விசையை அழுத்துங்கள். கர்சர் அடுத்த பிழையில் போய் நிற்கும், செய்தியும் அந்த வரிக்கு அடியிலேயே விரியும். ஷிப்டைச் சேர்த்து அழுத்தினால் முந்தைய பிழை. எஃப்8 ஒரு கோப்பு முடிந்ததும் அடுத்த கோப்புக்குத் தாவிவிடும். ஆல்ட்டும் எஃப்8-உம் சேர்ந்தால் கையிலுள்ள கோப்புக்குள்ளேயே சுற்றிவரும். எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். ஒரு கோப்பில் மனம் பதிந்திருக்கும்போது இன்னொன்றுக்கு இழுக்கப்படுவது கவனத்தைக் கெடுக்கிறது.

ஆனால் டெர்மினலில் நீங்களே கட்டளை தட்டிக் கம்பைல் செய்கிறீர்கள் அல்லவா? அப்படி வரும் பிழைகள் எஃப்8-க்குத் தெரியாது. எழுதும்போதே எடிட்டர் சிவப்புக் கோடிட்டுக் காட்டுபவை மட்டுமே அதற்குத் தெரியும். கம்பைலர் சொல்வதும் எடிட்டரின் பிழைப் பட்டியலில் சேர வேண்டுமானால், கம்பைல் செய்வதை எடிட்டரே இயக்கும் ஒரு வேலையாக, அதாவது டாஸ்காக அமைத்து, அதில் ஜிசிசி என்ற கம்பைலருக்கான ப்ராப்ளம் மேட்சரைக் குறிப்பிட வேண்டும். கம்பைலர் கக்கும் உரையிலிருந்து கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் பிரித்தெடுப்பது அதுதான். இதற்குச் செலவிடும் சிறிது நேரம் தினமும் பலன் தரும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஐம்பது பிழைகள் என்றால் ஐம்பது தவறுகள் என்று பொருளில்லை. பல கோப்புகள் தம்முள் சேர்த்துக்கொள்ளும் ஒரு ஹெடர் கோப்பில் மூடும் அடைப்புக்குறி ஒன்று விடுபட்டால் போதும். அதன்பின் வருவதெல்லாம் கம்பைலருக்குத் தவறான இடத்தில் இருப்பதாகத் தோன்றும், சம்பந்தமே இல்லாத கோப்புகளிலும் பிழைகள் குவியும். எஃப்8-ஓ கர்சர் இருக்கும் இடத்திலிருந்து நகர்கிறதே தவிர, எது மூலம், எது விளைவு என்று பார்ப்பதில்லை. ஆகவே கம்பைலர் முதலில் சொன்ன பிழையைத் திருத்துங்கள், மறுபடி கம்பைல் செய்யுங்கள். பெரும்பாலும் பட்டியலில் பாதி தானாகவே மறைந்துவிடும். ஜிசிசியில் முதல் பிழையோடு நின்றுவிடச் சொல்லும் விருப்பமும் இருக்கிறது. க்ளாங் என்ற இன்னொரு கம்பைலர் இயல்பாகவே இருபது பிழைகளோடு நிறுத்திக்கொள்கிறது. ஹெடர்களை மாற்றும் நாட்களில் முதல் பிழையோடு நிறுத்துவதே நல்லது.

பிற எடிட்டர்களிலும் இந்த வசதி உண்டு. இன்டெல்லிஜேயில் எஃப்2. விம்மில் பிழைகளைத் திரட்டி வைக்கும் குவிக்ஃபிக்ஸ் பட்டியல், ஈமாக்ஸில் நெக்ஸ்ட்-எர்ரர் கட்டளை: இவ்விரண்டும் கம்பைலரின் வரிசையிலேயே அழைத்துச் செல்வதால் எனக்கு மிகவும் பிடிக்கும். இடையில் வரிகளைச் சேர்த்தாலும் நீக்கினாலும் பெரும்பாலும் சரியான இடத்துக்கே கொண்டுபோய் விடுகின்றன.

டாஸ்க் அமைத்த பிறகும் பட்டியல் காலியாகவே இருந்தால், அந்த டாஸ்க் கோப்பின் வரிகளை எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்.